கார் கேள்வி–பதில்: பழைய பிளக்கைத் தூக்கிப் போடுமுன் அதன் முனையைப் பாருங்கள்

கே: 52,000 கி.மீ. ஓடிய பெட்ரோல் கார். சிக்னலில் நின்றால் உதறுகிறது. சிறுமலை ஏறும்போது இழுவையே இல்லை, மிஸ்ஸிங் அடிக்கிறது. பெட்ரோலைப் பற்றவைக்கும் ஸ்பார்க் பிளக்கை உப்புத்தாளில் தேய்த்துப் போட்டால் போதும் என்கிறார் மெக்கானிக். சரிதானா?
– வாசகர், திருமங்கலம்

ப: போதாது. உப்புத்தாள் கரியைத்தான் எடுக்கும்; தேய்ந்துபோன உலோகத்தைத் திருப்பித் தராது. பொறி கூரான விளிம்பிலிருந்துதான் எளிதில் தாவும். ஓட ஓட நடுமுனை மழுங்கி, அதற்கும் பக்கமுனைக்கும் உள்ள இடைவெளி அகன்றுவிடும். அதைத் தாண்ட, பிளக்குக்கு மின்சாரம் தரும் காயில் கூடுதல் மின்னழுத்தம் தர வேண்டும். ஏற்றத்தில் ஆக்ஸிலரேட்டரை மிதிக்கும்போது சிலிண்டருக்குள் அழுத்தமும் ஏறுவதால் பொறி விழுவது இன்னும் சிரமம். மட்டச் சாலையில் சமாளிக்கிற வண்டி மலையில் காட்டிக்கொடுப்பது அதனால்தான்.

சாதாரண நிக்கல் பிளக் என்றால் 30,000–40,000 கி.மீ. தாண்டினாலே மாற்றிவிடுவது நல்லது. இரிடியம் பிளக் ஏறக்குறைய ஒரு லட்சம் வரை வரும். உங்கள் வண்டியில் எது இருக்கிறது என்று கையேட்டில் பாருங்கள். இரிடியத்தில் கம்பி பிரஷ்ஷோ உப்புத்தாளோ படவே கூடாது. அந்த மெல்லிய முனை பாழாகிவிடும்.

கே: வீட்டிலேயே மாற்ற முடியுமா?
– வாசகர், மேலூர்

ப: முடியும். பிளக்குக்கு மேல் இன்டேக் மேனிஃபோல்டு (இன்ஜினுக்குள் காற்றைக் கொண்டுபோகும் குழாய்த் தொகுதி) மறைத்திருக்கிற இன்ஜின்களை மட்டும் வொர்க்‌ஷாப்பிடம் விட்டுவிடுங்கள்.

இன்ஜின் முழுக்க ஆறட்டும். பிளக் உட்காரும் அலுமினிய சிலிண்டர் ஹெட்டில் சூட்டோடு திருகினால் மரை பெயர்ந்து வரும். காயிலைக் கழற்றியதும் பிளக் குழியில் காற்று அடித்துத் தூசியை வெளியேற்றுங்கள். உங்கள் பக்கம் குவாரித் தூசி வேறு. இதைத் தவிர்க்கவே கூடாது. பிளக்கை எடுத்தபின் உள்ளே விழும் ஒரு துளி மணல்கூட சிலிண்டர் சுவரைக் கீறும்.

கழற்றிய பிளக்குகளைச் சிலிண்டர் வரிசைப்படியே அடுக்குங்கள். புதிய பிளக்கின் இடைவெளியை ஃபீலர் கேஜில் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்) அளந்து பாருங்கள். பல கார்களுக்கு 0.8 முதல் 1.1 மி.மீ. வரை இருக்கும், உங்கள் வண்டிக்கான அளவு கையேட்டில் உண்டு. பிறகு பிளக்கின் மேல்முனையில் ஒரு துண்டு ரப்பர் டியூபைச் செருகி, அதைப் பிடித்தே திருகி இறக்குங்கள். மரை கோணலாக ஏறினால் டியூப் வழுக்கி நின்றுவிடும், ஹெட் தப்பிக்கும். ரெஞ்சை எடுத்தவுடன் மாட்டுகிறவர்கள்தான் மரையைக் கெடுக்கிறார்கள்.

வாஷர் உட்கார்ந்தபின் இறுக்கம்: 14 மி.மீ. மரைக்கு சுமார் 25 நியூட்டன் மீட்டர், 12 மி.மீ. மரைக்கு 15–20. இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் இல்லையென்றால், எத்தனை சுற்று என்று பிளக் பெட்டியில் போட்டிருக்கும் கணக்குப்படி இறுக்குங்கள். புதிய பிளக்குக்குப் பெரும்பாலும் அரைச் சுற்றை ஒட்டி இருக்கும். லூஸாக விட்டால் முனையின் சூடு ஹெட்டுக்கு இறங்காமல் பிளக் வெந்துபோகும். மரையில் கிரீஸ் தடவாதீர்கள். வழுக்கலில் அளவுக்கு மீறி இறுகிவிடும்.

கே: மூன்று பிளக்கில் ஒன்று மட்டும் கறுப்பாக, எண்ணெய்ப் பிசுக்கோடு வந்தது. ஏன்?
– வாசகர், உசிலம்பட்டி

ப: எண்ணெய் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். மேலே பீங்கானில், குழிக்குள் என்றால் டாப்பெட் கவர் (இன்ஜினின் மேல்மூடி) சீல் கசிகிறது, அதிகச் செலவில்லை. எரியும் முனையிலேயே ஈரமாக இருந்தால் பிஸ்டன் ரிங்கோ வால்வு சீலோ போயிருக்கிறது. சிலிண்டருக்குள் அழுத்தம் சரியாக இருக்கிறதா என்று பார்க்கும் கம்ப்ரஷன் டெஸ்ட் எடுத்தாக வேண்டும். அதைச் சரிசெய்யாவிட்டால் புதிய பிளக்கும் சில நாளில் அதே கதிக்கு வரும்.

உலர்ந்த கரி என்றால் பெட்ரோல் அதிகம், காற்றுக் குறைவு: முதலில் ஏர் ஃபில்டர். வெண்மையாகப் பொரிந்திருந்தால் அதிகச் சூடு. வெளிர்பழுப்பு ஆரோக்கியமான நிறம். பீங்கானும் இரும்பு உடலும் சேரும் இடத்தில் தெரியும் பழுப்பு வளையத்தைக் கண்டு பலர் கேஸ் கசிகிறது என்று பதறுவார்கள்; அது உயர் மின்னழுத்தத்தால் எண்ணெய்த் துகள் ஒட்டிய கறை. பயமில்லை.

கே: புதிய பிளக் போட்டும் மிஸ்ஸிங் நிற்கவில்லை. இன்ஜின் விளக்கு மினுக்குகிறது.
– வாசகர், மதுரை

ப: காயிலைச் சந்தேகப்படுங்கள். ஸ்கேனரில் பி0301 என்ற பழுதுக் குறியீடு வந்தால் மிஸ்ஸிங் முதல் சிலிண்டரில். அதன் காயிலை இரண்டாவதற்கு மாற்றிப் போடுங்கள். குறியீடு பி0302 ஆக மாறினால் காயில்தான் குற்றவாளி. மாறாவிட்டால் இன்ஜெக்டர், கம்ப்ரஷன் என்று போக வேண்டும். விளக்கு மினுக்கும்போது வண்டியை ஓட்டாதீர்கள். எரியாத பெட்ரோல் சைலன்சர் வழியில் புகையைச் சுத்தமாக்கும் கேட்டலிட்டிக் கன்வர்ட்டரில் போய் எரியும். அதை மாற்றும் செலவுக்கு முன்னால் காயில் விலை ஒன்றுமே இல்லை.