ஜே-1 விசால இருக்கேன், அமெரிக்காவுல பொறந்த குழந்தைக்கு சைல்டு டாக்ஸ் கிரெடிட் (குழந்தைக்கான வரிக் கழிவு) வாங்கலாமா?

நீங்க என்னைய மாதிரி இந்தியாவுலேர்ந்து வந்த போஸ்ட்டாக், அதாவது பிஎச்டி முடிச்ச ரிசர்ச் ஸ்காலர்னு வெச்சுக்கிட்டு சொல்றேன். முதல் ரெண்டு காலண்டர் வருஷம் வரிக் கணக்குக்கு நீங்க நான்ரெசிடென்ட், அதனால கிடையாதுங்க. பாப்பா அமெரிக்க சிட்டிசனா இருந்தாலும், எஸ்எஸ்என் (சோஷியல் செக்யூரிட்டி நம்பர்) கையில இருந்தாலும் கிடையாது, ஏன்னா இங்க பாக்குறது உங்கள, குழந்தைய இல்ல.

நான் ஹூஸ்டன் வந்தது 2022 ஆகஸ்ட், பாப்பா பொறந்தது 2023 மார்ச். அடுத்த பிப்ரவரில டாக்ஸ் ஃபைல் பண்ண உக்காந்தா, மேல் வீட்டு அண்ணா ஒருத்தர் "பாப்பா பேர போடுப்பா, 2000 டாலர் வரும், எனக்கு வந்துச்சே"ன்னாரு. அவருக்கு வந்தது நெசந்தான், ஆனா அவரு எஃப்-1 ஸ்டூடன்ட். இந்தியா-அமெரிக்கா வரி ஒப்பந்தத்துல, நான்ரெசிடென்ட்டா இருந்தாலும் குழந்தை பேர போட விடுற ஆர்ட்டிகிள் 21 ஸ்டூடன்ட்டுக்கும் அப்ரென்டிஸுக்கும்தான், ரிசர்ச் ஸ்காலருக்கு இல்ல. இது எனக்கு அப்ப தெரியாது, சாஃப்ட்வேர் "ரெசிடென்டா?"ன்னு கேட்டுச்சு, ஒன்றரை வருஷமா இங்கதானே குடியிருக்கோம்னு ஆமான்னு அமுக்கிட்டேன், பொண்டாட்டியோட ஜாயின்ட்டா, ரெசிடென்ட்டுக்கான ஃபார்ம் 1040 போயிருச்சு, ரீஃபண்டும் வந்துருச்சு, கார் டவுன் பேமென்ட்டும் கட்டியாச்சு.

ஆபீஸ்ல ஒருத்தர் என் சம்பள-வரி ஸ்டேட்மென்ட் டபிள்யூ-2வ பாத்துட்டு, "4ம் கட்டமும் 6ம் கட்டமும் காலியா இருக்கே, நீ நான்ரெசிடென்ட்டுப்பா"ன்னப்பதான் வயித்த கலக்குச்சு. அந்தக் கட்டங்கள்ல வர்ற சோஷியல் செக்யூரிட்டி, மெடிகேர் வரி ரெண்டும் புடிக்கவே இல்ல, அத நான் லாபம்னு நெனச்சிருந்தேன்!

அப்புறம் திருத்துறதுக்கான 1040-எக்ஸ் போட்டு, பின்னாடி நான்ரெசிடென்ட்டுக்கான 1040-என்ஆரும், ஃபார்ம் 8843ம் வெச்சு தபால்ல அனுப்பினேன். 2000 மட்டும் போகல, வரி போடுறதுக்கு முன்ன வருமானத்துல கழிக்கிற ஜாயின்ட் ஸ்டாண்டர்ட் டிடக்‌ஷன் 27,700ம் போச்சு. மொத்தம் திருப்பிக் கட்டின வரி ஆறாயிரத்துச் சொச்சம் டாலர், வட்டி தனி.

ரிசர்ச் ஸ்காலர் சம்பளத்துக்கு வரி விலக்கு குடுக்குற ஆர்ட்டிகிள் 22 இருக்கேன்னு கமென்ட்ல வருவீங்க, தெரியும். ரெண்டு வருஷம் தாண்டித் தங்கினா அந்த விலக்கு மொதல்லேர்ந்தே போயிரும், எனக்கு ஜே-1 பேப்பரான டிஎஸ்-2019 மூணு வருஷத்துக்கு, அதான் தொடல. நான் சிபிஏவும் (ஆடிட்டரும்) இல்ல, பட்டவன் சொல்றேன், அவ்வளவுதான். 2024க்கு ரெசிடென்ட் ஆனதும் அதே 2000 முறையா வந்துச்சு.

அந்த அண்ணாகிட்ட சொன்னா "நான் ஜாயின்ட்டா போடச் சொன்னேனா?"ன்னு ஒரு கேள்வி. சரி, அது நியாயம். ஆனா பாப்பாவோட ஸ்ட்ரோலர ஒரு வாரத்துக்குன்னு வாங்கிட்டுப் போனாரு, டல்லாஸுக்கே குடி போயிட்டாரு, ஸ்ட்ரோலர் இன்னும் வரல.