16 மாதத்தில் பழுதான மக்புக்: கடைக்காரர் கையை விரித்தால் என்ன செய்வது?

கேள்வி: ஜேர்மனியில் டோர்ட்முண்டில் வசிக்கிறேன். மகளின் பல்கலைக்கழகப் படிப்புக்காக 16 மாதங்களுக்கு முன் இங்குள்ள ஒரு கடையில் மக்புக் எயார் வாங்கினோம். இப்போது திரையின் இடது பக்கம் மேலிருந்து கீழாகக் கோடுகள் விழுகின்றன. மூடியைக் கொஞ்சம் அசைத்தால் சில நேரம் மறைகின்றன. கடைக்குக் கொண்டு போனால், "கரன்டி ஒரு வருடம்தான், அது முடிந்துவிட்டது, திருத்த 580 யூரோ" என்கிறார்கள். பாரிஸில் இருக்கும் தம்பி, "ஐரோப்பாவில் இரண்டு வருடம் உண்டு, விடாதே" என்கிறான். யார் சொல்வது சரி? இன்னொன்று: ரொறொன்ரோவில் இருக்கும் அண்ணன் மகனின் மக்கில் அவனுடைய ஐபோன் திரை அப்படியே தெரிகிறது. மகளுடையதில் அது வரவில்லை. அதுவும் பழுதா? புதிதாக வாங்குவதென்றால் லண்டனில் எடுப்பது நல்லதா?

பதில்: அக்கா, முதலில் ஒன்று. அந்த 580 யூரோவுக்குச் சம்மதித்து எதிலும் கையொப்பம் வைக்காதீர்கள். ஏற்கெனவே வைத்திருந்தால் இன்றைக்கே கடைக்குப் போய், "வேலையைத் தொடங்க வேண்டாம்" என்று எழுத்தில் கொடுங்கள்.

கடைக்காரர் பொய் சொன்னார் என்று சொல்ல மாட்டேன். பாதியைச் சொல்லி மீதியை விட்டுவிட்டார். ஜேர்மன் மொழியில் இரண்டு சொற்கள் இருக்கின்றன: கரன்டி, கெவேர்லைஸ்டுங். தமிழில் இரண்டையுமே "உத்தரவாதம்" என்று சொல்லிவிடுகிறோம். நம்மவர்கள் வழுக்கி விழும் இடம் இதுதான். நான் இவற்றைக் கொம்பனி உத்தரவாதம், கடைப் பொறுப்பு என்று பிரித்துச் சொல்வது வழக்கம்.

கொம்பனி உத்தரவாதம் என்பது தயாரிப்பாளர் தானாக விரும்பித் தருவது. அப்பிள் தருவது ஒரு வருடம். அது முடிந்தது உண்மை. கடைப் பொறுப்பு அப்படி யாரும் விரும்பித் தருவதல்ல, சட்டம் விதிப்பது. உங்களுக்கு விற்றவர், தான் ஒப்படைத்த நாளிலேயே பொருளில் இருந்த குறைக்குப் பொறுப்பாளி. அந்தக் குறை பிறகு வெளிப்பட்டாலும் சரி. காலம் இரண்டு ஆண்டு. ஐரோப்பிய ஒன்றியம் இதை 1999இலேயே கட்டளையாக்கியது. இப்போது நடப்பில் இருப்பது 2019இல் வந்த புதிய கட்டளை. அதற்கேற்ப 2022 ஜனவரி 1 முதல் ஜேர்மன் சட்டமும் மாறியது. அப்பிள், சாம்சுங், சலவை இயந்திரம் எதுவானாலும் விதி ஒன்றே.

இந்தக் குழப்பம் உங்களுக்கு மட்டும் வந்ததென்று நினைக்காதீர்கள். இத்தாலியின் போட்டிச் சந்தை ஆணையம் 2011 டிசம்பரில் அப்பிள் நிறுவனங்களுக்கு மொத்தம் 9 இலட்சம் யூரோ தண்டம் விதித்தது. சட்டம் தரும் இரண்டு ஆண்டு உரிமையை வாடிக்கையாளருக்குத் தெளிவாகச் சொல்லாமல், காசு கட்டிப் பெறும் மேலதிகப் பாதுகாப்புத் திட்டமான அப்பிள் கெயாரை விற்றார்கள் என்பதும் அதற்கு ஒரு காரணம். இன்று அப்பிளின் ஐரோப்பிய இணையத்தளத்திலேயே சட்ட உரிமையையும் ஒரு வருட உத்தரவாதத்தையும் அப்பிள் கெயாரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிடும் பக்கம் இருக்கிறது. அதை அச்செடுத்துக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். கடையில் பேசும்போது உதவும்.

ஆக, தம்பி சொல்வது சரிதான், ஆனால் பிரான்ஸில் நின்று பார்க்கும்போது சரி. ஜேர்மனியில் ஒரு முடிச்சு இருக்கிறது.

குறை முதலிலிருந்தே இருந்ததென்று யார் நிரூபிப்பது? ஜேர்மன் சிவில் சட்டத்தின் 477ஆம் பிரிவின்படி, வாங்கி ஒரு வருடத்துக்குள் குறை வெளிப்பட்டால், அது ஆரம்பத்திலிருந்தே இருந்ததாகச் சட்டம் எடுத்துக்கொள்ளும். அப்படி இருக்கவில்லை என்பதைக் கடைக்காரர்தான் நிரூபிக்க வேண்டும். ஒரு வருடத்துக்குப் பிறகு வெளிப்பட்டால் பாரம் உங்கள் தலைக்கு மாறிவிடும். பிரான்ஸில் புதிய பொருளுக்கு இந்தப் பாரம் இரண்டு ஆண்டும் கடைக்காரர் மேல்தான். அதனால்தான் தம்பிக்கு அங்கே விடயம் அவ்வளவு சுலபமாகத் தெரிகிறது.

இதில் நம்மவர்கள் பலர் கவனிக்காமல் விடுவது ஒன்று. சட்டம் கேட்பது குறை எப்போது வெளிப்பட்டது என்பதை. நீங்கள் எப்போது கடைக்குப் போனீர்கள் என்பதை அல்ல. 16ஆம் மாதத்தில் முறையிட்டாலும், முதல் கோடு 11ஆம் மாதத்தில் தெரிந்ததென்று காட்ட முடிந்தால் நிரூபிக்கும் பாரம் மீண்டும் கடைக்காரர் பக்கம் போய்விடும்.

போன வருடம் இதே மாதிரி ஒரு மக்புக்குடன் ஒரு தம்பதியர் என் வீட்டுக்கு வந்தார்கள். கடை கையை விரித்துவிட்டது. "எப்போது தொடங்கியது?" என்று கேட்டால், "இப்ப இரண்டு மாதமாத்தான்" என்றார் கணவர். மனைவி பேசாமல் கைத்தொலைபேசியை எடுத்து மகனின் பிறந்தநாள் படங்களைப் புரட்டத் தொடங்கினார். ஒரு படத்தில் கேக்குக்குப் பின்னால், பாட்டுப் போடுவதற்காகத் திறந்து வைத்த மக்புக். அதன் திரையில் மயிரிழை போல ஒரு பச்சைக் கோடு. படத்தின் திகதி, வாங்கி ஒன்பதாவது மாதம். அந்த ஒரு படத்தையும் கடிதத்தோடு இணைத்து அனுப்பினோம். மூன்று கிழமையில் செலவில்லாமல் திருத்திக் கொடுத்தார்கள்.

ஆகவே மகளை இருத்திப் பொறுமையாகத் தேடச் சொல்லுங்கள். தோழிக்கு "என்ர ஸ்கிரீன்ல கோடு வருது" என்று எப்போதாவது எழுதினாளா? வகுப்பில் எடுத்த படம் ஏதும் உண்டா? படத்தின் மூலக் கோப்பு தொலைபேசியிலேயே இருந்தால் நல்லது, எடுத்த திகதி அதில் பதிந்திருக்கும். வட்ஸ்அப்பில் அனுப்பிய பிரதியில் அந்தப் பதிவு நீங்கிவிடும். எனவே உரையாடலை அழிக்காமல், செய்தியின் திகதி தெரியும்படி வைத்திருங்கள். ஆனால் இல்லாத திகதியைச் சொல்ல வேண்டாம். உண்மையில் 15ஆம் மாதத்தில்தான் தொடங்கியது என்றால் அதையே சொல்லுங்கள். அதற்கான வழியைக் கீழே சொல்கிறேன்.

கடைக்குப் போக முன் வீட்டிலேயே இரண்டு சோதனை செய்யுங்கள். கோடு தெரியும் நேரத்தில் ஷிஃப்ட், கமாண்ட், 3 மூன்று விசைகளையும் ஒன்றாக அழுத்தினால் திரையின் படம் சேமிக்கப்படும். அந்தப் படத்தை உங்கள் தொலைபேசிக்கு அனுப்பிப் பாருங்கள். படத்தில் கோடு இல்லையென்றால் மென்பொருள் மீது பழி போட முடியாது. கோளாறு திரையிலோ அதற்குப் போகும் இணைப்பிலோதான். இரண்டாவது, யூ.எஸ்.பி-சி மாற்றி ஒன்றின் வழியாக வீட்டுத் தொலைக்காட்சியில் இணைத்துப் பாருங்கள். அங்கே படம் சுத்தமாக வந்தால் கணினியின் உள்வேலை நன்றாக இருக்கிறது என்று பொருள். மூடியை அசைக்கும்போது கோடு போய் வருவதை ஒரு நிமிடக் காணொளியாக எடுத்துவிடுங்கள். கடையில் காட்டும்போது கோடு ஒளிந்துகொள்ளும், இது எத்தனையோ தடவை நடந்திருக்கிறது.

மகளிடம் இன்னொன்றும் கேளுங்கள். கமராவின் மேல் வழுக்கும் மூடி ஏதும் ஒட்டியிருந்தாளா? மக்புக்கை மூடும்போது திரைக்கும் விசைப்பலகைக்கும் நடுவே இடைவெளி மிகக் குறைவு. அப்படி மூடி ஒட்டியபடி மூட வேண்டாமென்று அப்பிளே எச்சரித்திருக்கிறது. அதனால் திரை உடைந்திருந்தால் அது பாவனையில் வந்த சேதம், கடை பொறுப்பேற்காது. தேநீர், தண்ணீர் சிந்தியதும் அப்படியே. உள்ளே ஈரம் பட்டதைக் காட்டும் அடையாளங்கள் இருக்கின்றன, மறைக்க முடியாது. அங்கீகாரமில்லாத யாரிடமும் இப்போது திறக்கக் கொடுக்கவும் வேண்டாம்.

இனிக் கடிதம். வாயால் பேசியது போதும், எழுத்துக்கு வாருங்கள். வாங்கிய திகதி, பற்றுச்சீட்டு இலக்கம், மாதிரி, தொடரிலக்கம், குறை என்ன, முதலில் எப்போது தெரிந்தது, இவ்வளவையும் எழுதுங்கள். பிறகு முக்கியமான வரி: "கொம்பனியின் கரன்டியின் கீழ் நான் கேட்கவில்லை. விற்பனையாளரான உங்களிடம் கெவேர்லைஸ்டுங்கின் கீழ், சிவில் சட்டம் 437, 439ஆம் பிரிவுகளின்படி நாக்எர்ஃபுல்லுங் கேட்கிறேன்." நாக்எர்ஃபுல்லுங் என்றால் குறையை நீக்கிச் சரியான பொருளைத் தருவது. திருத்துவதா மாற்றித் தருவதா என்று தெரிவு செய்வது வாங்கியவரின் உரிமை. ஒன்றுக்கு மட்டுமீறிய செலவென்றால் கடை அதை மறுத்து மற்றதைச் செய்யலாம். அனுப்பும் செலவும் கடையுடையதே. 14 நாள் தவணை கொடுங்கள். பதிவுத் தபாலில் அனுப்பி, துண்டைப் பத்திரப்படுத்துங்கள்.

கடையில் ஒப்படைக்கும்போது தரும் படிவத்தை நின்று வாசியுங்கள். அதில் கரன்டி என்றோ கட்டணத் திருத்தம் என்றோ அடையாளமிட்டிருந்தால், கெவேர்லைஸ்டுங் என்று மாற்றச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் கணினி நேரே தயாரிப்பாளரிடம் போகும், "காலம் முடிந்தது" என்ற அதே பதில் திரும்பி வரும், கடை அதை உங்களிடம் நீட்டும். கொடுக்க முன் தொலைக்காட்சியில் இணைத்தாவது மகளின் பாடக் கோப்புகள் எல்லாவற்றையும் வெளி வட்டில் பிரதி எடுத்துவிடுங்கள். திரும்பி வரும்போது வெறுமையாக வரலாம்.

நியாயமான காலத்துக்குள் சரிசெய்யாவிட்டாலோ, திருத்தியும் பழுது திரும்ப வந்தாலோ, விலையில் குறைக்கச் சொல்லலாம், அல்லது கொள்வனவையே இரத்துச் செய்து காசைத் திருப்பிக் கேட்கலாம். கடை மசியாவிட்டால் நுகர்வோர் மையத்துக்குப் போங்கள். வெர்பிரௌஹர்சென்ட்ராலே என்ற பெயரில் ஜேர்மனியின் 16 மாநிலங்களிலும் இருக்கிறது. கட்டணம் அதிகமில்லை, மாதிரிக் கடிதங்களும் வைத்திருக்கிறார்கள். நீங்கள் வேறொரு ஐரோப்பிய நாட்டுக் கடையில் வாங்கியிருந்தால் போக வேண்டிய இடம் ஐரோப்பிய நுகர்வோர் மையம். ஜேர்மனிக்கான அலுவலகம் கேல் நகரத்தில் உள்ளது, உதவி இலவசம். இணையத்தில் முறையிட முன்பு ஒன்றியம் நடத்திய தகராறுத் தளம் 2025 ஜூலை 20 அன்று மூடப்பட்டுவிட்டது. பழைய பற்றுச்சீட்டுகளில் அதன் முகவரி இன்னும் அச்சாகியிருக்கும், அதைத் தேடி நேரத்தை வீணாக்காதீர்கள்.

காலக்கெடுவையும் மறக்க வேண்டாம். உங்களுக்கு இன்னும் எட்டு மாதம் இருக்கிறது. கடிதம் எழுதியதால் மட்டும் அந்தக் கடிகாரம் நின்றுவிடாது. கடை பேச்சுவார்த்தைக்கு வந்தால், அது நடக்கும் வரை நிற்கும்.

முதல் கோடு உண்மையிலேயே ஒரு வருடத்துக்குப் பிறகுதான் வந்ததென்றால் நிலைமை கடினம். நிபுணர் அறிக்கை எடுத்து நிரூபிக்கலாம், ஆனால் அதன் செலவு திருத்தும் செலவை எட்டிவிடலாம். ஒரு திரைக்காக அந்த வழியில் இறங்கச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அப்போது கடையிடமும் அப்பிளிடமும் கூலான்ஸ் கேளுங்கள். கடமை இல்லாவிட்டாலும் நல்லெண்ணத்தில் செய்து தருவதற்கு ஜேர்மனியில் அதுதான் பெயர். முழுதாக இல்லாவிட்டாலும் பாதிச் செலவையாவது ஏற்பார்களா என்று மரியாதையாகக் கேட்டுப் பார்ப்பதில் குறைவொன்றும் இல்லை.

ஐரோப்பா முழுக்கச் சொந்தம் பரந்திருப்பதால் தொலைபேசியில் ஆலோசனை வந்து குவியும். இரண்டு ஆண்டு என்பது ஒன்றியத்தின் அடிமட்டம் மட்டுமே. நாட்டுக்கு நாடு மேலே கூடும். சுவீடனில் 3 ஆண்டு, ஸ்பெயினிலும் 2022 முதல் 3. நெதர்லாந்தில் ஆண்டுக் கணக்கே இல்லை, பொருள் நியாயமாக எவ்வளவு காலம் உழைக்க வேண்டுமோ அவ்வளவு. ஒன்றியத்தில் இல்லாத நோர்வேயில், நீண்ட காலம் உழைக்க வேண்டிய பொருளுக்கு 5. ஒஸ்லோ மச்சான் சொல்வதை டோர்ட்முண்ட் கடையில் சொன்னால் எடுபடாது. வாங்கிய நாட்டின் சட்டத்தைப் பாருங்கள்.

ஐபோன் திரை மக்கில் தெரியாதது பழுது அல்ல. 2024இல் அந்த வசதியை அறிமுகப்படுத்தியபோதே, பெரிய தொழில்நுட்ப நிறுவனங்களைக் கட்டுப்படுத்தும் ஒன்றியத்தின் டிஜிட்டல் சந்தைச் சட்டத்தைக் காரணம் காட்டி, ஐரோப்பிய ஒன்றியத்தில் அதைத் தராமல் அப்பிள் நிறுத்திவைத்தது. ரொறொன்ரோவில் வேலை செய்வது டோர்ட்முண்டில் செய்யாது. தயவுசெய்து இதைக் கடைக்குக் கொடுக்கும் கடிதத்தில் சேர்க்காதீர்கள். ஒரு தவறான முறைப்பாடு பக்கத்தில் இருக்கும் சரியான முறைப்பாட்டையும் பலவீனப்படுத்தும்.

லண்டன் வேண்டாம் என்பது என் கருத்து. பிரித்தானியா ஒன்றியத்தை விட்டுப் போன பிறகு, அங்கிருந்து விமானத்தில் கொண்டுவரும் பொருட்களுக்கு 430 யூரோ வரைதான் வரியில்லை. ஒரு மக்புக் அதைத் தாண்டும், சுங்கத்தில் சொல்லி 19 வீதம் கட்ட வேண்டும். பழுதானால் லண்டன் கடையோடுதான் மல்லுக்கட்ட வேண்டும், கேல் மையம் அங்கே உங்களுக்காகப் பேசாது. தம்பி பாரிஸில் வாங்கித் தந்தால் அந்தத் தொல்லை இல்லை, நிரூபிக்கும் பாரமும் இரண்டு ஆண்டு முழுக்கக் கடைக்காரர் மேல். ஆனால் கடையில் அடுக்கி வைத்திருப்பதை எடுத்தால் பிரெஞ்சு விசைப்பலகைதான் வரும். கியூ இருக்கும் இடத்தில் ஏ இருக்கும். ஜேர்மன் விசைகளில் பழகிய மகளின் விரல் முதல் மாதம் படாதபாடு படும். இணையத்தில் அப்பிளிடம் நேரே வாங்கினால் விசைப்பலகை மொழியைத் தெரிவு செய்யலாம், 14 நாளுக்குள் காரணம் சொல்லாமல் திருப்பிக் கொடுக்கலாம், விற்றவரும் தயாரித்தவரும் ஒருவரே என்பதால் இந்த "அவரிடம் போ, இவரிடம் போ" அலைச்சலும் இல்லை.

வாங்கும்போது பெட்டிக்குள் சார்ஜர் இருக்கிறதா என்று பாருங்கள். 2025 அக்டோபரில் வந்த 14 அங்குல மக்புக் புரோவை ஐரோப்பாவில் சார்ஜர் இல்லாமலே விற்றார்கள். மகளின் இப்போதைய சார்ஜரைக் கணினியோடு சேர்த்துக் கடையில் கொடுத்துவிடாமல் வீட்டிலேயே வைத்திருங்கள்.