தச்சுக் கேள்வி பதில்: நியூ மெக்ஸிகோவின் பழைய பைன் சாமான்கள்

கேள்வி: அமெரிக்க மாநிலமான நியூ மெக்ஸிகோவின் ஸ்பானியர் காலத்து மரச்சாமான்களில் ஆணியே கிடையாதாமே?

பதில்: கொஞ்சம் மிகை. பெட்டிகளில் அடித்துச் செய்த இரும்புப் பூட்டும் கொண்டியும் உண்டு. ஆனால் இரும்பு தெற்கே மெக்ஸிகோவிலிருந்து மாதக்கணக்கில் வண்டியில் வர வேண்டியிருந்தது. 1821-ல் கிழக்கே மிசூரியிலிருந்து சாண்டா ஃபே வணிகப் பாதை திறக்கும்வரை அது விலை உயர்ந்த சரக்கு. அதனால் பாண்டரோசா பைனைக் கோடாரியால் செதுக்கி, கழுந்தும் (சட்டத்தின் முனையில் செதுக்கிய நாக்கு) துளையுமாகக் கோத்து மரமுளை அடித்தார்கள். பெட்டி மூலைகளுக்கு டவ்டெயில், அதாவது புறாவால் வடிவப் பற்களைக் கோக்கும் மூட்டு.

கேள்வி: அந்த வகை நாற்காலி ஒன்றில் காலும் குறுக்குச்சட்டமும் சேரும் இடம் ஆடுகிறது. வெள்ளைப் பசை ஊற்றினால் நிற்குமா?

பதில்: ஊற்றவே ஊற்றாதீர்கள். வறண்ட காற்றில் கழுந்து சுருங்கியதுதான் ஆட்டத்துக்குக் காரணம். பசை துளைக்குள் இருக்கும் தூசியில் ஒட்டுமே தவிர மரத்தைப் பிடிக்காது; பின்னால் பிரிக்கவும் விடாது.

முதலில் மூட்டுகளுக்கு எண் போடுங்கள். முளையைவிடச் சற்று மெலிந்த கம்பியால் பின்பக்கத்திலிருந்து தட்டி முளையை வெளியே எடுங்கள். துளை மறுபக்கம் வரவில்லையென்றால் முளையின் நடுவே சிறிய துளையிட்டு உள்நோக்கி உடைத்தெடுக்கலாம். பழைய வச்சிரம் (விலங்குத் தோலைக் காய்ச்சி எடுக்கும் பசை) இருந்தால் வெந்நீரில் நனைத்த துணியை வைத்தால் இளகிவிடும். கழுந்தின் இரண்டு கன்னங்களிலும் அதே பைன் சீவலை, ரேகை (மரநாரின் ஓட்டம்) ஒரே திசையில் ஓட, சம கனத்தில் ஒட்டுங்கள். ஒரு பக்கம் மட்டும் ஒட்டினால் சட்டம் கோணிவிடும். முக்கால்வாசி கையழுத்தத்தில் போய், மீதி கொட்டாப்புளி தட்டில் இறங்கினால் சரியான பொருத்தம்.

வச்சிரம் 1 பங்கு, குளிர்ந்த நீர் 2 பங்கு; இரவு ஊறவிட்டு, வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் வைத்து 60 டிகிரியில் காய்ச்சுங்கள். 70 தாண்டினால் பிடிப்புக் குறையும். புது முளையை அறுக்காமல் பிளந்து எடுங்கள். அறுத்ததில் நார் குறுக்கே ஓடி, அடிக்கும்போதே முறியும். அலமாரிக் கதவாயிருந்தால் சட்டத்தின் பள்ளத்துக்குள் நிற்கும் பலகைக்கு மட்டும் பசை வேண்டாம். அது விரிந்து சுருங்க இடமில்லாவிட்டால் நடுவில் வெடிக்கும்.

கேள்வி: இந்தச் சாமான்களில் வரும் ரோஜாவட்டம் (வட்டத்துக்குள் பூ வடிவம்) செதுக்கும்போது இதழ் ஓரம் பொடிகிறது. மரம் சரியில்லையா?

பதில்: பெரும்பாலும் உளிதான். பைனில் மெத்தென்ற வளையமும் கெட்டியான வளையமும் மாறி மாறி வரும். மழுங்கிய உளி மெத்தென்றதை நசுக்கி, கெட்டியானதைப் பெயர்க்கும். முனைச் சரிவை 20 டிகிரிக்குக் குறைத்து, தோலில் தீட்டுங்கள். காம்பஸின் அதே அகலத்தில் வட்டத்தை ஆறாகப் பிரித்து இதழ் வரையுங்கள். முதலில் நடுக்கோட்டில் செங்குத்தாக 3 மில்லிமீட்டர் வெட்டு. பிறகு இருபுறமும் சரிவாக, ரேகை இறங்கும் திசையில். ஒரே இதழில் அந்தத் திசை பாதியில் மாறும். அங்கே உளியைத் திருப்பிப் பிடியுங்கள்.

கேள்வி: வேலை முடிந்ததும் உப்புத்தாள், வார்னிஷ்?

பதில்: பழைய சாமானுக்கு இரண்டும் வேண்டாம். உப்புத்தாள் போட்டால் கோடாரித் தடம் போய்விடும். அதுதான் அதன் காலத்துக்குச் சாட்சி. உலர்ந்த துணியால் துடைத்து மெல்லிய தேன்மெழுகு பூசினால் போதும்.