மறுமுனையையும் பாருங்கள்: மெயின்பிரேம் சேனல் பாதைகள் கேள்வி-பதில்

கேள்வி: வீடாமில் (மெயின்பிரேமின் நெட்வொர்க் மென்பொருள்) டிஆர்எல்இ (ஒரு இணைப்பின் வரையறை) ஆக்டிவ் ஆகவே மாட்டேன் என்கிறது. சிடிசி டிவைஸ்கள் (இரண்டு சிஸ்டங்களைச் சேனல் வழியே நேராக இணைப்பவை) இரண்டும் ஆன்லைனில்தான் இருக்கின்றன. வேறு எதைப் பார்ப்பது?

பதில்: ஆன்லைன் என்றால் உங்கள் பக்கத்துக் கதவு திறந்திருக்கிறது, அவ்வளவுதான். எதிரே யார் நிற்கிறார்கள் என்பதை அது சொல்லாது. இரண்டு எல்பார்களின் (மெயின்பிரேமைப் பிரித்து உருவாக்கிய தனித்தனி சிஸ்டங்கள்) டிஆர்எல்இ வரையறைகளையும் அருகருகே வைத்துப் படியுங்கள். எம்பிசி (பல சேனல் டிவைஸ்களை ஒன்றாகச் சேர்க்கும்) இணைப்புக்குக் குறைந்தது ஒரு ரீட் (படிக்கும்) டிவைஸ், ஒரு ரைட் (எழுதும்) டிவைஸ் வேண்டும். உங்கள் ரீட் அவர்களுக்கு ரைட்டாக இருக்க வேண்டும். ஒரு பக்கத்து வரையறையை அப்படியே மறுபக்கம் காப்பி செய்துவிட்டால் இரண்டு ரீட்களும் ஒன்றையொன்று பார்த்தபடி காத்துக்கிடக்கும்.

அது சரியென்றால் எச்சிடி-க்குப் (வன்பொருள் இணைப்புகளை வரையறுக்கும் கருவி) போங்கள். ஃபைகான் (ஃபைபர் ஆப்டிக் சேனல் வகை) சிடிசி-யில் கன்ட்ரோல் யூனிட்டின் சியூஏடிடி என்பது எதிர் எல்பாரின் முகவரி: முதல் இலக்கம் சேனல் சப்சிஸ்டம் (சேனல்களை நிர்வகிக்கும் பகுதி), அடுத்தது எம்ஐஎஃப் ஐடி (அதற்குள் அந்த எல்பாரின் எண்). யூனிட் அட்ரஸ் இரு பக்கமும் ஒன்றாக இருக்க வேண்டும். எல்பாரை வேறு சேனல் சப்சிஸ்டத்துக்கு நகர்த்தும்போது முதல் இலக்கத்தை மாற்றத் தவறுவது அடிக்கடி நடக்கிறது. ஒருமுறை இதற்காக இரவு முழுக்கக் கேபிளை மாற்றி மாற்றிப் பார்த்திருக்கிறேன். விடியற்காலையில்தான் அந்த ஒரு இலக்கம் கண்ணில் பட்டது. இப்போதெல்லாம் கேபிளைத் தொடும் முன்பே சியூஏடிடி-யைப் பார்த்துவிடுகிறேன்.

கேள்வி: டி எம்=டெவ் (டிவைஸின் பாதை நிலையைக் காட்டும்) கட்டளை கொடுத்தால் பாத் ஆன்லைன் 'ஒய்' (ஆம்), சேனல் பிசிக்கலி ஆன்லைன் 'ஒய்', ஆனால் பாத் ஆபரேஷனல் 'என்' (இல்லை) என்று வருகிறது. வேரி பாத் (பாதையை ஆன்லைன் ஆக்கும் கட்டளை) கொடுத்தால் சரியாகிவிடுமா?

பதில்: ஆகாது. முதல் இரண்டும் மென்பொருளும் சேனலும் தயார் என்கின்றன. மூன்றாவது, அந்தப் பாதை வழியே டிவைஸை எட்ட முடியவில்லை என்கிறது. அதே திரையில் உள்ள டெஸ்டினேஷன் லிங்க் அட்ரஸைக் (பாதை சென்றடையும் போர்ட்டின் முகவரி) குறித்துக்கொண்டு, டைரக்டரில் (சேனல்களை இணைக்கும் சுவிட்ச்) அந்த போர்ட் தடுக்கப்பட்டிருக்கிறதா, கேபிள் அங்கேதான் செருகப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். சிடிசி என்றால் எதிர் எல்பார் ஆக்டிவேட் ஆகியிருக்கிறதா, அங்கே அந்தச் சிப்பிட் (சேனல் பாதை) ஆன்லைனா என்றும் கேளுங்கள்.

கேள்வி: எக்ஸ்சிஎஃப் (சிஸ்டங்கள் தமக்குள் செய்தி பரிமாறும் வசதி) பாத்அவுட் (வெளியே செல்லும் பாதை) 'லிங்கிங்' நிலையிலேயே நிற்கிறது.

பதில்: எதிர்ப்பக்கம் அதற்குரிய பாத்இன் (உள்ளே வரும் பாதை) இல்லை அல்லது தொடங்கப்படவில்லை என்பதுதான் முதல் சந்தேகம். பாத்அவுட் ஒருவழிச் சாலை. மறுமுனையில் டி எக்ஸ்சிஎஃப்,பிஐ கொடுத்துப் பாருங்கள். இல்லையென்றால் அங்கே செட்எக்ஸ்சிஎஃப் ஸ்டார்ட் கொடுங்கள். கப்பிள் பார்ம்லிப் மெம்பரிலும் (தொடக்க அமைப்புகள் உள்ள கோப்பு) எழுதிவையுங்கள், இல்லாவிட்டால் அடுத்த ஐபிஎல்லில் (சிஸ்டம் மறுதொடக்கத்தில்) பழைய நிலைக்கே போய்விடும்.

கேள்வி: எங்கள் பழைய எஸ்கான் (ஃபைகானுக்கு முந்தைய சேனல் வகை) குறிப்பேட்டில் ஒரு முனை சிடிசி வகைச் சிப்பிட்டாக இருக்க வேண்டும் என்று உள்ளது. ஃபைகானிலும் அப்படியா?

பதில்: தேவையில்லை. ஃபைகானில் இரு முனையும் எஃப்சி (ஃபைகான் சேனல்) வகைதான். 2012-இல் வந்த இசட்இசி12 மெயின்பிரேம் முதல் எஸ்கான் சேனல்களே கிடையாது; அந்தப் பக்கத்தைக் கிழித்துவிடலாம்.

கேள்வி: செயலற்ற சேனலை ஆஃப்லைன் செய்து மறுபடி ஆன்லைன் செய்ய முயன்றேன். சிஸ்டம் மறுத்துவிட்டது. ஃபோர்ஸ் (கட்டாயப்படுத்தும் விருப்பம்) போடலாமா?

பதில்: தயவுசெய்து வேண்டாம். பயன்பாட்டில் உள்ள ஏதோ ஒரு டிவைஸுக்கு அதுவே கடைசிப் பாதையாக இருக்கலாம், அதனால்தான் மறுக்கிறது. டி எம்=சிஎச்பி கொடுத்து, அந்தச் சேனலின் கீழ் எந்தெந்த டிவைஸ்கள் இருக்கின்றன என்று முதலில் பட்டியல் எடுங்கள். ஒவ்வொன்றுக்கும் மாற்றுப்பாதை இருப்பதை உறுதிசெய்த பிறகு, ஃபோர்ஸ் இல்லாமலே மறுபடி கொடுத்துப் பாருங்கள்.