பில் வால்ஷ், ஜோ மொன்டானா – ஒரு கடிதம்

அன்புள்ள ஐயா,

டாலஸுக்குக் குடிவந்து சில வருடங்கள் ஆகின்றன. இங்கே ஞாயிற்றுக்கிழமை என்றால் அமெரிக்கன் ஃபுட்பால்தான். திங்கட்கிழமை காலை அலுவலகத்தில் வேறு பேச்சே கிடையாது. விதிகள் எனக்கு ஓரளவு பிடிபட்டுவிட்டன. ஆனால் யார் பெரிய ஆட்டக்காரர், யார் பெரிய கோச் என்று பேச்சு வந்தால் எல்லோரும் சீசனின் இறுதி ஆட்டமான சூப்பர் பவுலை வென்று வாங்கிய மோதிரக் கணக்கைத்தான் சொல்கிறார்கள். ஆட்டக்காரர் டாம் பிராடிக்கும் கோச் பில் பெலிசெக்குக்கும் மேல் யாரும் இல்லை என்கிறான் என் மகன். அலுவலக நண்பர்கள் எங்கள் ஊர் அணியான டாலஸ் கவ்பாய்ஸின் எமிட் ஸ்மித்தை விட்டுக்கொடுப்பதில்லை. உங்களுக்குப் பிடித்தவர் யார்? மிகச் சிறந்தவர் என்று யாரைச் சொல்வீர்கள்? இரண்டும் ஒருவரேதானா? இன்னொரு சந்தேகம். ஐந்தாறு நொடி ஓடிவிட்டு அரை நிமிடம் நிற்கிற ஆட்டம் இது. இதில் கோச்சுக்கு ஏன் இத்தனை பெயர்?

ஆர்., டாலஸ்

அன்புள்ள ஆர்.,

கடைசிக் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். மற்ற கேள்விகளுக்கான பதிலும் அதற்குள்தான் இருக்கிறது.

ஆட்டம் நிற்கிற அந்த அரை நிமிடம்தான் கோச்சின் ஆட்டம். பத்து யார்டு முன்னேற நான்கு வாய்ப்புகள். ஒவ்வொரு வாய்ப்புக்கும் பதினோரு பேரும் எங்கே நிற்க வேண்டும், யார் எத்தனை அடி ஓடித் திரும்ப வேண்டும், யார் யாரைத் தடுக்க வேண்டும் என்று வகுத்துவைத்த திட்டம் ஒன்று உண்டு. அப்படி நூற்றுக்கணக்கில் வைத்திருப்பார்கள். எதிரணியின் நிலையைப் பார்த்து அதில் ஒன்றை எடுத்து உள்ளே அனுப்ப வேண்டும். இந்த அளவுக்கு ஒவ்வொரு நகர்வையும் கோச் முடிவு செய்கிற குழு விளையாட்டு வேறு எதுவும் எனக்குத் தெரிந்து இல்லை.

சரி, என் பதில். கோச்சுகளில் எனக்குப் பிடித்தவரும் மிகச் சிறந்தவரும் ஒருவரே, பில் வால்ஷ். ஆட்டக்காரர்களில் பிடித்தவர் ஜோ மொன்டானா, சிறந்தவர் ஜெர்ரி ரைஸ். மூவரும் சான் ஃபிரான்சிஸ்கோ ஃபார்ட்டி நைனர்ஸ்காரர்கள். கவ்பாய்ஸ் ஊரில் இருக்கிற உங்கள் நண்பர்களுக்கு இது உவப்பாக இருக்காது. ஆனாலும் காரணங்களைச் சொல்லிவிடுகிறேன்.

மோதிரங்களை எண்ணினால் வால்ஷ் பின்னால்தான் நிற்பார். பிராடி ஏழு சூப்பர் பவுல் வென்றவர், தலைமைப் பயிற்சியாளராக பெலிசெக் ஆறு. கிரீன் பே பேக்கர்ஸின் வின்ஸ் லொம்பார்டி ஏழு வருடங்களில் ஐந்து முறை சாம்பியன். டான் ஷூலா மொத்தம் 347 ஆட்டங்கள் வென்றார். அவருடைய 1972 மயாமி டால்ஃபின்ஸ் ஒரு ஆட்டம்கூடத் தோற்காமல் 17-0 என்று சீசனை முடித்தது. வால்ஷுக்கு என்.எஃப்.எல். என்ற தொழில்முறை லீகில் தலைமைப் பொறுப்பில் பத்து சீசன்கள், மூன்று சூப்பர் பவுல். அவ்வளவுதான். ஆனால் அவர் போன பிறகு இந்த ஆட்டத்தை ஆடும் முறையே மாறியிருந்தது. கோச்சை அளக்க எனக்கு அதுதான் அளவுகோல்.

அந்த மாற்றம் ஒரு விபத்தில் தொடங்கியது. 1969-இல் சின்சினாட்டி பெங்கால்ஸில் கிரெக் குக் என்ற இளம் குவார்ட்டர்பேக், அதாவது பந்தை வீசி ஆட்டத்தை நடத்துபவர், இருந்தார். நெடுந்தூரம் பந்தை வீசும் அசாத்தியமான கை. முதல் சீசனிலேயே தோள்பட்டை போய்விட்டது. அடுத்த வருடம் அந்த இடத்துக்கு வந்தவர் வெர்ஜில் கார்ட்டர். நல்ல மூளை, குறி தவறாத வீச்சு, ஆனால் கையில் பலம் கிடையாது. அப்போது வால்ஷ் அங்கே தலைமைப் பயிற்சியாளர் பால் பிரவுனின் உதவிப் பயிற்சியாளர். இந்தக் கையை வைத்துக்கொண்டு எப்படி முன்னேறுவது என்று யோசித்தார். நீளத்தில் வீச முடியாதா, அகலத்தில் வீசு. மைதானம் 53 யார்டு அகலம் இருக்கிறது. ஐந்து, ஏழு யார்டில் சின்னச் சின்ன பாஸ்கள். குவார்ட்டர்பேக் பின்வாங்கும் மூன்றாவது அல்லது ஐந்தாவது அடியோடு, பந்தைப் பிடிக்க வேண்டிய ரிசீவரின் ஓட்டம் இசைந்திருக்க வேண்டும். அவர் திரும்பும்போது பந்து வந்துகொண்டிருக்க வேண்டும். பிடித்த பின்னால் ஓடிச் சேர்க்கிற யார்டுகள்தான் லாபம். முதல் ஏழு ஆட்டங்களில் ஆறில் தோற்றிருந்த அந்த அணி, மிச்சம் இருந்த ஏழையும் வென்று தன் பிரிவில் முதலிடம் பிடித்தது. 'வெஸ்ட் கோஸ்ட் அஃபென்ஸ்' என்று இன்று சொல்கிறார்களே, அது பிறந்தது மேற்குக் கரையில் இல்லை, சின்சினாட்டியில்.

1975 சீசன் முடிந்து பால் பிரவுன் பயிற்சியாளர் பொறுப்பிலிருந்து ஓய்வு பெற்றபோது வால்ஷுக்குத்தான் அந்த இடம் என்று பலரும் நினைத்தார்கள். பிரவுன் வேறொருவருக்குக் கொடுத்தார். வால்ஷ் கிளம்பிவிட்டார். சான் டியேகோவில் ஒரு வருடம், ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் இரண்டு வருடம். 1979-இல் ஃபார்ட்டி நைனர்ஸ் அழைத்தபோது அவருக்கு வயது 47. முந்தைய வருடம் 16 ஆட்டங்களில் இரண்டே வெற்றி பெற்ற அணி அது. வால்ஷின் முதல் வருடத்திலும் அதே இரண்டுதான். இரண்டாம் வருடம் வரிசையாக எட்டு தோல்வி. மயாமியில் தோற்றுத் திரும்பிய விமானத்தில் அவர் உடைந்து அழுதிருக்கிறார். ஆட்டக்காரர்கள் பார்த்துவிடாதபடி உதவியாளர்கள் மறைத்துக்கொண்டார்கள். விலகிவிடலாம் என்றுகூட யோசித்ததைப் பின்னாளில் அவரே சொல்லியிருக்கிறார். அதற்கு அடுத்த சீசனில் அதே அணி சாம்பியன்.

கல்லூரி ஆட்டக்காரர்களை அணிகள் முறைவைத்து எடுத்துக்கொள்ளும் அந்த 1979 டிராஃப்டில்தான் மொன்டானாவை மூன்றாம் சுற்றில், 82-ஆவது ஆளாக எடுத்தார். கையில் பலம் போதாது என்று மற்ற அணிகள் ஒதுக்கியவர். வால்ஷ் பார்த்தது கால்களை. பின்வாங்கும் வேகம், உடம்பின் சமநிலை, நெருக்கடியில் பதறாத தன்மை. தன் திட்டத்துக்கு இவர்தான் ஆள் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. ரிசீவர் டுவைட் கிளார்க் கதை இன்னும் நல்லது. கிளெம்சன் பல்கலைக்கழகத்தில் வேறொரு குவார்ட்டர்பேக்கைச் சோதிக்கப் போன இடத்தில், அவர் வீசும் பந்துகளைப் பிடித்துக்கொடுக்க வந்தவர் கிளார்க். பத்தாம் சுற்றில் அவரையும் எடுத்துக்கொண்டார்.

1982 ஜனவரியை மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ஜனவரி 3-ஆம் தேதி பிளேஆஃபில், அதாவது தோற்றால் வெளியேற வேண்டிய சுற்றில், எதிரணி நியூயார்க் ஜயன்ட்ஸ். அவர்களிடம் லாரன்ஸ் டெய்லர் என்ற புது லைன்பேக்கர் இருந்தார். டிஃபென்ஸ் ஆட்டக்காரர்களில் அவரைவிட ஆட்டத்தை மாற்றியவர் இல்லை என்பேன். ஓரத்திலிருந்து பாய்ந்து வந்து குவார்ட்டர்பேக்கைச் சாய்ப்பார். அப்போதெல்லாம் அந்த இடத்திலிருந்து வருபவரைத் தடுப்பது, பந்தோடு ஓடுகிற ரன்னிங் பேக்கின் வேலை. டெய்லர் அவர்களைத் தள்ளிவிட்டுப் போய்க்கொண்டிருந்தார். வால்ஷ் அந்த வேலையை ஜான் ஏயர்ஸ் என்ற கார்டிடம், அதாவது முன்வரிசைத் தடுப்பாளரிடம், கொடுத்தார். பந்து நகர்ந்ததும் ஏயர்ஸ் தன் இடத்திலிருந்து பின்னால் வந்து டெய்லரை எதிர்கொண்டார். மொன்டானாவுக்கு நேரம் கிடைத்தது. 38-24.

ஒரு வாரம் கழித்து, ஜனவரி 10, நைனர்ஸின் சொந்த மைதானமான கேண்டில்ஸ்டிக் பார்க்கில் கவ்பாய்ஸ். நைனர்ஸ் ஆறு புள்ளிகள் பின்தங்கியிருக்கிறார்கள். ஐந்து நிமிடத்துக்கும் குறைவான நேரம், கடக்க வேண்டியது 89 யார்டு. பாஸ்தான் வரும் என்று டாலஸ் அதற்கு ஏற்ற ஆட்களை இறக்கியது. வால்ஷ் அதைப் பார்த்துவிட்டு, லென்வில் எலியட் கையில் பந்தைக் கொடுத்து மறுபடி மறுபடி ஓடவைத்தார். இப்படியே டாலஸின் ஆறு யார்டு கோட்டுக்கு வந்துவிட்டார்கள். மூன்றாவது டவுன், அதாவது நான்கில் மூன்றாவது வாய்ப்பு. மொன்டானா வலப்பக்கம் ஓடுகிறார். பந்து போக வேண்டியது ஃப்ரெடி சாலமனுக்கு, அவர் வழுக்கிவிட்டார். டாலஸின் ஆறடி ஒன்பது அங்குல எட் ஜோன்ஸ் முன்னால் வர, மூன்று பேர் மொன்டானாவை எல்லைக்கோட்டை நோக்கித் துரத்துகிறார்கள். பின்னங்காலில் சாய்ந்தபடி பந்தை உயரே வீசுகிறார். வெளியே எறிந்துவிட்டார் என்றுதான் பார்த்தவர்கள் நினைத்திருப்பார்கள். மைதானத்தின் பின்கோட்டருகே கிளார்க் எம்பி விரல் நுனியில் பிடித்தார். கீழே விழுந்து கிடந்த மொன்டானா அதைப் பார்க்கவே இல்லை. கூட்டத்தின் சத்தத்தில்தான் தெரிந்துகொண்டார். தற்செயல் என்று இதைச் சொல்வது எனக்கு ஒப்புதல் இல்லை. முதல் ஆள் கிடைக்காவிட்டால் கிளார்க் எங்கே இருப்பார், பந்து எவ்வளவு உயரத்தில் போக வேண்டும் என்பதெல்லாம் பயிற்சியில் பார்த்துவைத்தவை.

அன்று அரங்கில் நான்கு வயதுச் சிறுவனாக இருந்தவர் டாம் பிராடி. உங்கள் மகனிடம் இதை அவசியம் சொல்லுங்கள்.

அதோடு ஆட்டம் முடியவில்லை என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். 28-27. மிச்சம் 51 நொடி. அடுத்த வாய்ப்பிலேயே டாலஸின் ட்ரூ பியர்சன் நடு மைதானத்தில் பந்தைப் பிடித்துவிட்டார். முன்னால் ஆளே இல்லை. பின்னாலிருந்து நைனர்ஸின் எரிக் ரைட் ஒரு கையால் ஜெர்சியைப் பற்றி இழுத்து நிறுத்தினார். அந்தப் பிடி நழுவியிருந்தால் கிளார்க்கின் புகைப்படம் எந்தச் சுவரிலும் தொங்கியிருக்காது. நைனர்ஸ் சூப்பர் பவுலுக்குப் போய் 26-21 என்று வென்றார்கள். தோற்ற அணி எது தெரியுமா? பால் பிரவுனின் சின்சினாட்டி பெங்கால்ஸ். அவர்களின் குவார்ட்டர்பேக் கென் ஆண்டர்சன், வால்ஷ் அங்கே இருந்தபோது வளர்த்தெடுத்தவர்.

மொன்டானா ஏன் பிடிக்கும் என்றால், ஆட்டம் இறுகும்போது அவர் இளகிவிடுவார். நான்கு சூப்பர் பவுலில் 122 பாஸ்கள் வீசி ஒன்றைக்கூட எதிரணியிடம் கொடுத்ததில்லை. 1989 ஜனவரியில் மயாமியில், மறுபடியும் பெங்கால்ஸோடு, 16-13 என்று பின்தங்கி, தங்கள் பக்கத்து எட்டு யார்டு கோட்டில் நிற்கிறார்கள். மூன்று நிமிடம் பத்து நொடி பாக்கி. 92 யார்டு கடந்து, 34 நொடி இருக்கும்போது ரிசீவர் ஜான் டெய்லருக்குப் பந்து போய்ச் சேர்கிறது. 20-16. அந்த ஆட்டம் முழுக்க டெய்லர் பிடித்தது அந்த ஒரு பந்துதான். வால்ஷின் கடைசி நைனர்ஸ் ஆட்டமும் அதுவே.

அன்று ஆட்டநாயகன் இன்னொரு ரிசீவரான ஜெர்ரி ரைஸ், 11 கேட்ச், 215 யார்டு. மிசிசிப்பியில் கொத்தனாரின் மகன். அப்பாவுக்குச் செங்கல் பிடித்துக்கொடுத்து வளர்ந்தவர். மிசிசிப்பி வேலி ஸ்டேட் என்ற சின்னக் கல்லூரி. ஹோட்டல் அறை டிவியில் அவர் ஆட்டத்தைப் பார்த்த வால்ஷ், 1985 டிராஃப்டில் வேறு அணியோடு இடம் மாற்றிக்கொண்டு 16-ஆவது ஆளாக எடுத்தார். முதல் வருடம் பந்துகளைத் தவறவிட்டு, சொந்த ஊர் ரசிகர்களிடமே கூச்சல் வாங்கினார். அப்புறம் இருபது சீசன்கள். பாஸ் பிடித்துச் சேர்த்தது 22,895 யார்டுகள். இரண்டாம் இடத்தில் இருக்கும் லாரி ஃபிட்ஸ்ஜெரால்டு அதற்கு ஐந்தாயிரம் யார்டுக்கு மேல் பின்னால் இருக்கிறார். விதிகள் ரிசீவர்களுக்குச் சாதகமாக மாறி, பாஸ்கள் பெருகிய பிறகும் இந்த இடைவெளி குறையவில்லை. அதனால்தான் பிராடியைவிடவும் ரைஸை முன்னால் வைக்கிறேன். ரன்னிங் பேக் ஜிம் பிரவுனைச் சொல்பவரோடு மட்டும் நான் வாதாட மாட்டேன். ஒன்பது சீசன் ஆடி எட்டில் பந்தோடு ஓடிச் சேர்த்த யார்டுகளில் முதலிடம், ஒரு ஆட்டம்கூடத் தவறவிடாமல், முப்பது வயதில் தானாகவே நிறுத்திக்கொண்டவர். எமிட் ஸ்மித்தின் 18,355 யார்டு பெரிய சாதனைதான். ஆனால் அவருக்கு முன்னால் நின்று வழி திறந்துவிட்ட டாலஸ் லைன்மேன்களுக்கும் அதில் பங்கு உண்டு.

பெலிசெக்கைப் பற்றி மகன் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஒவ்வொரு வாரமும் எதிரணிக்கு ஏற்பத் தன் அணியை மாற்றி அமைப்பதில் அவருக்கு நிகர் கிடையாது. ஆனால் அவரிடம் வேலை பார்த்துவிட்டுப் போய்த் தலைமை ஏற்ற பலர் பெரிதாகச் சோபிக்கவில்லை. வால்ஷிடம் இருந்த ஜார்ஜ் சீஃபர்ட்டும் மைக் ஹோம்கிரனும் சூப்பர் பவுல் வென்றார்கள். ஹோம்கிரனிடம் கற்ற ஆண்டி ரீட் கான்சாஸ் சிட்டிக்கு மூன்று வாங்கிக்கொடுத்திருக்கிறார். கறுப்பினப் பயிற்சியாளர்களுக்கு அன்று கதவே திறக்கவில்லை. 1987-இல் வால்ஷ் அவர்களைத் தன் பயிற்சி முகாமுக்கே அழைத்து, உள்ளே நடப்பதையெல்லாம் கூட இருந்து கற்றுக்கொள்ள வழி செய்தார். அவர் பெயரிலேயே என்.எஃப்.எல். பின்னர் அதை எல்லா அணிகளுக்கும் விரித்தது. மூன்று மோதிரங்களைவிட இதை நான் பெரிதாக நினைக்கிறேன்.

நேரம் கிடைத்தால் அந்த 1982 ஜனவரி 10 ஆட்டத்தின் முழு வீடியோவைத் தேடிப் பாருங்கள். துண்டுப் படங்கள் வேண்டாம்; அவற்றில் கிளார்க் மட்டும்தான் இருப்பார். கடைசி 89 யார்டை இரண்டு முறை பாருங்கள். முதல் முறை பந்தோடு போங்கள். இரண்டாம் முறை பந்தை விட்டுவிட்டு, எலியட் ஓடும்போது அவருக்கு முன்னால் நைனர்ஸ் லைன்மேன்கள் எந்தப் பக்கம் நகர்கிறார்கள், யாரைத் தள்ளுகிறார்கள் என்று பாருங்கள்.

அன்புடன்.