ஹப்புத்தளை பங்களாவில் மணவறையை எங்கே போடுவது?

தங்கச்சி, உங்கள் கேள்வியைப் படித்ததும் என் கல்யாண நாள் கண்முன்னே வந்து நின்றது. நீங்கள் கோயம்புத்தூரிலிருந்து இலங்கையின் நுவரெலியாவுக்கு வேலைக்கு வந்து நாலு மாதம். மாப்பிள்ளை பண்டாரவளைக்காரர். ஆவணியில் ஹப்புத்தளைப் பக்கம் ஒரு பழைய தோட்ட பங்களாவில் கல்யாணம், ஊரிலிருந்து அறுபது பேர் வருகிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். மணவறையை முன்புறப் புல்வெளியில் போடுவதா, தேயிலைக்கு நடுவே பள்ளத்தாக்கைப் பார்த்த திட்டிலா, பின்பக்கம் பெரிய மரத்தடியிலா என்று கேட்கிறீர்கள். கூடவே விசா, வாடகை வீடு, வங்கிக் கணக்கு. அதையெல்லாம் உங்கள் அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். விதிகள் மாறிக்கொண்டே இருக்கின்றன, என் பேச்சைக் கேட்டு நீங்கள் அலைய வேண்டாம். மணவறை விஷயத்தைச் சொல்கிறேன்.

நான் 2006-இல் துறையூரிலிருந்து அட்டனுக்கு மருமகளாக வந்தவள். தலவாக்கலைப் பக்கம் ஒரு தோட்டத்தில் என் வீட்டுக்காரரின் மாமா பெரிய கிளாக்கராக இருந்தார். அவர் தயவில் பங்களா புல்வெளியில் ஆனி மாதம் மணவறை போட்டார்கள். ஊரில் ஆனி என்றால் வெயில்தானே? இங்கே மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை. அட்டன், தலவாக்கலைச் சரிவு அதை நேராக வாங்கிக்கொள்ளும். இது எங்களில் யாருக்கும் தெரியவில்லை. தெரிந்த மாப்பிள்ளை வீட்டாரோ பெண் வீட்டார் ஆசைப்படுகிறார்களே என்று வாயைத் திறக்கவில்லை.

உங்கள் ஆவணிக் கணக்கு வேறு. மலையின் மேற்குச் சரிவு நனையும் அந்த மாதங்களில், ஹப்புத்தளை இருக்கிற ஊவாப் பக்கம் காய்ந்து கிடக்கும். ஜூலை முதல் செப்டம்பர் வரை வீசும் வறண்ட காற்றில்தான் ஊவாத் தேயிலைக்கு அந்த மணமே ஏறுகிறது. ஆகவே “ஆகஸ்டா? மழை கொட்டுமே” என்று நுவரெலியாவில் யாராவது பயமுறுத்தினால் அது அவர்கள் ஊருக்குச் சரி. உங்களுக்கு மழையை விடக் காற்றுதான் எதிரி. ஹப்புத்தளை மலைமுகட்டின் இடைவெளியில் உட்கார்ந்திருக்கிற ஊர். தெற்கே தரை சடாரென்று இறங்குகிறது, கீழிருந்து வரும் காற்று அந்த இடைவெளி வழியாகத்தான் பாயும். திட்டின் மேல் குத்துவிளக்கு நிற்காது. ஹோமப் பொறி பட்டுச் சேலை மேல் விழும். வாழைமரம் கட்டிய கம்பு சாயும்.

திட்டை வேண்டாம் என்பதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. அதைச் சொல்லாமல் விட எனக்கு மனம் வரவில்லை. தேயிலை மலை என்பது வேலைக்களம். காலைப் பிரட்டு, அதாவது வேலைக்குப் பேர் கொடுப்பது, முடிந்ததும் பெண்கள் அந்த நிரையில்தான் கொழுந்து எடுக்க ஏறுவார்கள். நம்மூரிலிருந்து வருகிறவர்களில் சிலர் செய்வதைப் பார்த்து எனக்கு வயிறு எரிந்திருக்கிறது. கொழுந்துப் பையை வாங்கித் தலையில் மாட்டிக்கொண்டு படம் எடுப்பது, அந்த அம்மாவைத் தள்ளி நிற்கச் சொல்வது, “இவங்க தமிழே வேற மாதிரி” என்று அவர் காதுபடவே பேசுவது. அவர்கள் பாட்டன் பூட்டன் திருச்சி, சேலம், புதுக்கோட்டைப் பக்கத்திலிருந்து வந்தவர்கள். நமக்கு நாலைந்து தலைமுறை முன்னால் கப்பல் ஏறியவர்கள், அவ்வளவுதான் வித்தியாசம். நம்மவர்கள் மாதம் ஒருமுறை கண்டியில் கூடி, இங்கே அரிசி சரியில்லை, தோசை சரியில்லை என்று புலம்புகிற கூட்டத்துக்கு நான் போவதை நிறுத்திப் பல வருடம் ஆகிறது. வந்த இரண்டே வருடத்தில் சிங்களம் பேசப் பழகினேன். இங்கே சவுக்கு என்றால் நம்மூர்ச் சவுக்கு இல்லை, சில்வர் ஓக் என்பதில் தொடங்கி எல்லாவற்றையும் லயம் என்கிற தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளில் இருக்கும் பெண்களிடம்தான் கற்றேன். இப்போது நான் பேசுவதில்லை, கதைக்கிறேன்.

சரி, மரத்தடி. அங்கே குளவி இருக்கிறதா என்று பாருங்கள். கூட்டத்தோடு குளவி கொட்டி, தோட்டத் தொழிலாளர்களை வைத்தியசாலைக்குத் தூக்கிப் போவது இந்த மலைநாட்டில் அடிக்கடி நடக்கிறது. மரத்தில் கூடு இருந்து, அடியில் நீங்கள் ஹோமப் புகை போட்டால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. பங்களா மனேஜர் “ஒன்றும் இல்லை மேடம்” என்பார். அவரிடம் கேட்காதீர்கள். தோட்டக்காரரிடமும் இரவுக் காவல்காரரிடமும் கேளுங்கள். காற்று எந்த மூலையில் சுழலும், எந்த இடத்தில் தண்ணீர் தேங்கும், இரத்தம் குடிக்கிற அட்டை எங்கே இருக்கும், எல்லாம் அவர்களுக்குத் தெரியும்.

என் யோசனை இதுதான்: புல்வெளியிலேயே போடுங்கள், ஆனால் நடுவில் வேண்டாம். பங்களாவின் கிழக்குச் சுவரை ஒட்டிய மூலையைப் பாருங்கள். தென்மேற்கிலிருந்து வரும் காற்றைக் கட்டடமே தடுக்கும், காலை வெயிலும் முதலில் அங்கேதான் விழும். மழை தூறினாலும் நாலே எட்டில் விறாந்தைக்கு ஏறிவிடலாம். முழங்கால் வலிக்கிற அத்தைகளுக்கும் படி ஏற வேண்டாம். படம் எடுப்பவர் பள்ளத்தாக்கு பின்னால் தெரியட்டும் என்று மணமக்களை வடக்கே திருப்பச் சொல்வார். காட்சி தெற்கே இருப்பதால். ஐயர் கிழக்கு என்பார். இந்தச் சண்டையை முகூர்த்தத்தன்று வைத்துக்கொள்ளாமல் இருவரையும் முன்னாலேயே கூட்டிப் போய்ப் பேசிவிடுங்கள். பள்ளத்தாக்குப் படம் தாலி கட்டிய பிறகும் எடுக்கலாம். ஆனால் பதினொரு மணிவரை தள்ளிப்போட வேண்டாம். லிப்டன் சீட் என்கிற மலையுச்சிக் காட்சிமுனைக்கு எல்லாரும் விடியற்காலையிலேயே ஓடுவது ஏன்? நேரம் ஏற ஏறக் கீழிருந்து மூடுபனி வந்து மூடிவிடும்.

ஐப்பசி, கார்த்திகை என்று எழுதியிருந்தால் கல்யாணத்தையே அங்கே வைக்காதீர்கள் என்றிருப்பேன். 2014 அக்டோபர் 29 அன்று கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண் சரிந்து லயங்களை மூடியது அந்த மலையின் கீழ்ச்சரிவில்தான். அந்த மாதங்களில் அந்தப் பாதையில் அறுபது பேரை ஏற்றிவரும் தைரியம் எனக்கு இல்லை.

அப்புறம் நெய். எங்கள் கல்யாணத்தில் ஐயர் கரண்டியை விட்டார், அது கட்டியில் குத்திக்கொண்டு நின்றது. தேங்காய் எண்ணெயும் வெள்ளையாக உறைந்து போயிருந்தது. ஈரத்தில் தவிலின் தோல் தளர்ந்து சத்தம் எழும்பவில்லை, தவில்காரர் அதைத் தூக்கிக்கொண்டு சமையல்கட்டு அடுப்போரம் போய் உட்கார்ந்துவிட்டார். அந்த நேரம் பார்த்து மழை இறங்கியது. விறாந்தை புல்வெளியின் மறுகோடியில் இருந்தது. அம்மா பட்டுப்புடவையோடு வழுக்கி உட்கார்ந்துவிட்டாள், கணுக்காலில் இரண்டு அட்டை. நான் அழுதுகொண்டிருந்தேன், முகூர்த்தம் தப்பிவிடும் என்று.

அப்போது பக்கத்து மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த பெண்கள் கம்பளியைப் போர்த்தியபடியே இறங்கி வந்தார்கள். கொழுந்து லொறித் தறப்பாளை நாலு மூலையிலும் பிடித்து ஹோமகுண்டத்துக்கு மேலே கூரையாக நின்றார்கள். ஒரு பாட்டி நெய்ச் சொம்பை வாங்கிச் சுடுதண்ணீர் வாளிக்குள் இறக்கி வைத்து, “அழாத புள்ள, உருகிரும்” என்றார். தாலி ஏறும்வரை அந்தக் கைகள் இறங்கவில்லை. மூலையைப் பிடித்த ஒருத்தியின் முழங்கையிலிருந்து தண்ணீர் என் தோளில் சொட்டிக்கொண்டே இருந்தது. அவர் மகள் கல்யாணத்துக்குப் போன தையில் போய் வந்தேன்.

வருகிற ஞாயிறு, முகூர்த்தத்துக்குக் குறித்திருக்கிற அதே நேரத்துக்கு அந்தப் பங்களாவுக்குப் போங்கள். ஒரு குத்துவிளக்கு, கொஞ்சம் நெய், கற்பூரம் கொண்டுபோங்கள். மூன்று இடத்திலும் ஏற்றிப் பாருங்கள். தனியாகப் போகத் தயக்கமாக இருந்தால் ஒரு வார்த்தை எழுதுங்கள், அட்டனிலிருந்து முதல் பஸ்ஸைப் பிடித்து நானும் வருகிறேன்.