வாசகர் கேள்வி–பதில்: சமூகவியலா, மானிடவியலா?

இம்மாதம் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே பொருளைச் சுற்றியே இருந்ததால், அவற்றுள் ஐந்தை மட்டும் எடுத்துக்கொண்டு பதில் எழுதுகிறேன்.

என் மகள் பிளஸ் டூ முடித்துவிட்டு பி.ஏ. சமூகவியல் சேர விரும்புகிறாள். அதைவிட மானிடவியல் மேலானது என்கிறார் அவளுடைய மாமா. இரண்டுக்கும் உண்மையில் என்ன வேறுபாடு?
(ஒரு தந்தை, தருமபுரி)

இரண்டும் பிறந்த விதம் வேறு. பிரெஞ்சுச் சமூகவியலாளர் எமில் துர்கைம் 1897இல் தற்கொலை பற்றிய தம் நூலை எழுதியபோது, ஐரோப்பிய அரசுகள் தொகுத்து வைத்திருந்த புள்ளிவிவரங்களையே ஆதாரமாகக் கொண்டார். தம் சமூகத்தைத் தாமே எட்ட நின்று அளந்து பார்த்த முயற்சி அது. மானிடவியலாளர் மலினோவ்ஸ்கியோ முதல் உலகப் போர்க் காலத்தில் பசிபிக் கடலிலுள்ள ட்ரோப்ரியாண்ட் தீவுகளில் கூடாரமடித்துத் தங்கி, அந்த மக்களின் மொழியைக் கற்று, அவர்களோடு புழங்கி எழுதினார். முன்னது சமூகவியலின் வழி என்றும் பின்னது மானிடவியலின் வழி என்றும் பாடநூல்கள் பிரித்துச் சொல்லும்.

நம் நாட்டில் அந்தச் சுவர் ஒருபோதும் உறுதியாக நின்றதில்லை. 1919இல் பம்பாய்ப் பல்கலைக்கழகத்தில் தொடங்கப்பட்ட சமூகவியல் துறையில் கோவிந்த் சதாசிவ் குர்யேயிடம் படித்த எம்.என். ஸ்ரீநிவாஸ், பிறகு ஆக்ஸ்ஃபோர்டில் மானிடவியல் பயின்று, மைசூருக்கு அருகிலுள்ள ஒரு கிராமத்தில் தங்கி ஆய்வு செய்தவர். ஆயினும் 1959இல் தில்லியில் அவர் உருவாக்கிய துறைக்குச் சமூகவியல் என்றே பெயர்.

நடைமுறையில் கவனிக்க வேண்டிய வேறுபாடு ஒன்று உண்டு. மானிடவியலில் பண்பாட்டோடு மனித உடலும் பாடம். பரிணாமம், மரபியல், எலும்புகளின் அளவீடு, தொல்லியல், மொழியியல் எல்லாம் அதற்குள் வரும். தமிழ்நாட்டில் இளங்கலைச் சமூகவியல் பல கல்லூரிகளில் இருக்க, மானிடவியலை முதுகலையில்தான் பெரிதும் தேட வேண்டியிருக்கும். சென்னைப் பல்கலைக்கழகத்திலும் புதுச்சேரிப் பல்கலைக்கழகத்திலும் அதற்குத் தனித் துறைகள் இருக்கின்றன. ஆகவே மகள் இப்போது சமூகவியலில் சேர்ந்துவிட்டு, மூன்று ஆண்டுகளுக்குப் பிறகு, மானிடவியல் முதுகலைக்கு எந்தப் பட்டங்களை ஏற்றுக்கொள்கிறார்கள் என்று பார்த்து, வேண்டுமானால் மாறிக்கொள்ளலாம். மாமா எந்தத் துறையில் படித்தவர் என்று நீங்கள் எழுதவில்லை. தெரிந்திருந்தால் அவருடைய கருத்தை எடைபோட வசதியாக இருந்திருக்கும்.

இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். காம்ட், ஸ்பென்சர், துர்கைம் என்று குறிப்புகளை மனப்பாடம் செய்து எழுதுகிறோம். இவற்றுக்கும் எங்கள் ஊருக்கும் என்ன சம்பந்தம் என்பதே புரியவில்லை.
(ஒரு மாணவி, திருவாரூர்)

சம்பந்தம் உங்கள் வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. அதைக் காட்டாமல் பாடம் நடத்தப்படுவது உங்கள் குற்றமன்று. உங்கள் அப்பாவின் தம்பி சித்தப்பா. அவருடைய பிள்ளைகள் உங்களுக்கு அண்ணன், தம்பி, அக்கா, தங்கை. அப்பாவின் தங்கை அத்தை. அவருடைய மகனோ உங்களுக்கு முறைப்பையன். ஆங்கிலத்தில் இந்தப் பிள்ளைகள் எல்லோரும் ‘கசின்’தான். அமெரிக்காவின் ராச்செஸ்டர் நகரில் வழக்கறிஞராக இருந்த லூயிஸ் ஹென்றி மோர்கன், அங்குள்ள செனகா பழங்குடியினர் உறவினரை அழைக்கும் முறையை ஆராய்ந்துகொண்டிருந்தபோது, தமிழ்ப் பகுதியில் பணியாற்றிய மிஷனரிகளிடமிருந்து நம் உறவுச்சொற்களைக் கேட்டுப் பெற்றார். இரண்டும் ஒத்திருப்பதைக் கண்டு வியந்து, அமெரிக்கப் பழங்குடியினர் ஆசியாவிலிருந்து வந்தவர்கள் என்பதற்கு அதையே சான்றாக்கினார். உறவுச்சொற்களை வைத்து அப்படி நிறுவ முடியாது என்பது பின்னால் தெளிவானது. ஆனால் 1871இல் வெளிவந்த அவருடைய பெருநூலிலிருந்துதான் உறவுமுறை ஆய்வு என்ற கிளையே தொடங்குகிறது.

அதன் பிறகு 1949–50இல் மதுரைப் பக்கம் பிரமலைக் கள்ளரிடையே தங்கி ஆய்வு செய்த பிரெஞ்சு மானிடவியலாளர் லூயி துய்மோன், மாமன் என்பவரை ‘அம்மாவின் அண்ணன் அல்லது தம்பி’ என்று மட்டும் சொல்லி நிறுத்திவிடக் கூடாது, அப்பாவுக்குப் பெண் கொடுத்த வீட்டுக்காரர் என்று பார்க்க வேண்டும் என்றும், அந்த மணஉறவு ஒரு தலைமுறையோடு முடியாமல் அடுத்த தலைமுறைக்கும் சொத்தைப் போல இறங்குகிறது என்றும் வாதிட்டார். தாய்மாமன் சீர் ஏன் காதுகுத்திலும் வருகிறது, சடங்கிலும் வருகிறது, கல்யாணத்திலும் வருகிறது என்று உங்கள் பாட்டியிடம் கேட்டால், ‘கொண்டான் கொடுத்தான் உறவு விட்டுப்போகுமா’ என்பார். துய்மோன் சொன்னதன் சாரம் ஏறக்குறைய அதுதான்.

ஊரைப் பாடமாக்கும் வழக்கமும் இங்கே புதிதன்று. சென்னைப் பல்கலைக்கழகத்துக்குப் பொருளியல் பேராசிரியராக வந்த கில்பர்ட் ஸ்லேட்டர், விடுமுறைக்குச் சொந்த ஊர் போகும் மாணவர்களிடம் ஒரு வினாப்பட்டியலைக் கொடுத்தனுப்பி, நிலம் யாரிடம் இருக்கிறது, கூலி எவ்வளவு, கடன் எவ்வளவு என்று விசாரித்து எழுதிவரச் செய்தார். அவற்றின் தொகுப்பு 1918இல் நூலாக வந்தது. அதில் இடம்பெற்ற இருவேல்பட்டு, கங்கைகொண்டான், தூசி போன்ற ஊர்கள் பிற்காலத்தில் மீண்டும் ஆராயப்பட்டன. விழுப்புரம் பக்கத்து இருவேல்பட்டுக்கு 2008 வரை ஆய்வாளர்கள் திரும்பத் திரும்பப் போயிருக்கிறார்கள். ஒரே ஊரின் நிலவுடைமையையும் சாதி உறவையும் தொண்ணூறு ஆண்டுகளுக்கு மேல் தொடர்ந்து பார்க்கக் கிடைப்பது அரிது. அதைத் தொடங்கி வைத்தவர்கள் உங்களைப் போன்ற மாணவர்கள்.

குடிமைப் பணித் தேர்வுக்கு இரண்டில் எது உகந்தது?
(ஒரு மாணவர், நாமக்கல்)

இரண்டுமே விருப்பப் பாடப் பட்டியலில் உள்ளன. எதை எடுத்தாலும் இரண்டு தாள்கள், 500 மதிப்பெண். பாடத்திட்டங்களை அருகருகே வைத்து ஒரு வாரம் படித்துப் பாருங்கள், எது தூக்கம் வரவழைக்கவில்லையோ அதை எடுங்கள். தேர்வுக்காக மட்டும் மூன்று ஆண்டுப் பட்டப் படிப்பைத் தேர்ந்தெடுப்பதை நான் ஆதரிப்பதில்லை.

தமிழ் வழியில் படித்தவன் நான். இத்துறைகளுக்குத் தமிழில் நூல்கள் உண்டா?
(ஒரு வாசகர், சங்கரன்கோவில்)

உண்டு, ஆனால் சீராக இல்லை. அடிப்படைக்குப் பக்தவத்சல பாரதியின் ‘பண்பாட்டு மானிடவியல்’ போதுமானது. நா. வானமாமலை நடத்திய ‘ஆராய்ச்சி’ இதழ்கள் நூலகத்தில் கிடைத்தால் விடாதீர்கள். தொ. பரமசிவன் எழுதியவை பாடநூல்கள் அல்ல என்றாலும், உணவிலிருந்தும் உடையிலிருந்தும் சமூகத்தை எப்படி வாசிப்பது என்பதற்கு அவற்றைவிட நல்ல பயிற்சி இல்லை. சமூகவியல் கோட்பாட்டு நூல்களுக்கு இன்றும் ஆங்கிலத்தையே நம்ப வேண்டியிருக்கிறது. அகராதியோடு ஒரு பருவம் போராடினால் பழகிவிடும்.

எம்.ஏ. ஆய்வேட்டுக்காக என் சொந்த ஊரிலேயே களப்பணி செய்கிறேன். எங்கள் தெருவில் நன்றாகப் பேசுகிறார்கள். காலனியில் எதைக் கேட்டாலும் ‘உங்களுக்குத் தெரியாததா தம்பி’ என்று முடித்துவிடுகிறார்கள். என்ன செய்வது?
(ஒரு மாணவர், பெரம்பலூர்)

அது மரியாதையாகச் சொல்லப்பட்ட மறுப்பு. அதையும் அப்படியே குறித்துக்கொள்ளுங்கள். 1960களின் தொடக்கத்தில் தஞ்சைக் கிராமம் ஒன்றை ஆராய்ந்த சமூகவியலாளர் ஆந்த்ரே பெத்தேய் அக்ரஹாரத்தில் தங்கினார். அதனாலேயே மற்றத் தெருக்களோடு தமக்கிருந்த நெருக்கம் குறைந்தது என்பதை அவரே பதிவு செய்திருக்கிறார். வெளியூர்க்காரரான அவருக்கே அப்படியென்றால், இன்னார் வீட்டுப் பிள்ளை என்று ஊரே அறிந்த உங்களுக்குத் தடை இன்னும் அதிகம்.

ஊராட்சித் தலைவரையோ உங்கள் உறவினரையோ உடன் அழைத்துப் போகாதீர்கள். படிவத்தை நீட்டாமல், முதல் சில நாள்கள் வெறுமனே போய் வாருங்கள். பார்த்ததையும் கேட்டதையும் அன்றிரவே எழுதிவிடுங்கள். உங்களுக்கு மட்டும் நாற்காலி போட்டுவிட்டு வீட்டுக்காரர் நின்றுகொண்டே பேசினாரா, தேநீர் வீட்டு டம்ளரில் வந்ததா அல்லது கடையிலிருந்து காகிதக் கோப்பையில் வாங்கி வந்தார்களா, அதை நீங்கள் குடித்ததை யார் பார்த்தார்கள் என்பனவெல்லாம் தரவுகள்தாம். சாதியை நேராகக் கேட்பதைவிடக் குலதெய்வம் எது, எந்த ஊரில் பெண் எடுத்தார்கள் என்று தொடங்கினால் பேச்சு வளரும். சொல்ல விரும்பாததை ஒருவரிடம் வற்புறுத்திக் கேட்க உங்களுக்கு உரிமை இல்லை என்பதையும் மறந்துவிடாதீர்கள். நீலகிரியில் 1901–02இல் தோடர் பழங்குடியினரின் வம்சாவளியைத் தொகுத்த ஆங்கிலேய மானிடவியலாளர் ரிவர்ஸ், இறந்த முன்னோரின் பெயரை அவர்கள் உச்சரிக்கக் கூடாது என்ற விலக்கைக் கண்டு, அந்தக் குடும்பத்தாரை விட்டுவிட்டுப் பிறரிடம் கேட்டறிந்தார். அன்று அது திறமை என்று பாராட்டப்பட்டது. இன்று அதே வழியைப் பின்பற்றும் முன், அந்தக் குடும்பம் என்ன நினைக்கும் என்று யோசிப்பது நல்லது.

ஊர்ப் பெயரை மாற்றி எழுதும் மரபு இத்துறையில் உண்டு. பெத்தேயின் ‘ஸ்ரீபுரம்’ புனைபெயரே. ஆனால் பெயரை மட்டும் மாற்றிவிட்டு, கோயில் திருவிழாவையும் ஏரியின் பெயரையும் அப்படியே விட்டுவைத்தால், உங்கள் ஊர்க்காரர் எவரும் இரண்டாம் பக்கத்திலேயே கண்டுபிடித்துவிடுவார். காலனியில் உங்களிடம் மனம் திறந்து பேசியவர் அதே ஊரில் கூலிக்குப் போக வேண்டியவர் என்பதால், அவருடைய வயது, தொழில், வீடு இருக்கும் இடம் ஆகியவற்றையும் சேர்த்து மாற்றுங்கள். எவற்றை மாற்றினீர்கள் என்பதை நெறியாளரிடம் மட்டும் தனியாகச் சொல்லிவிடுங்கள்.